ரிக்டர் 7 என்றால் என்ன? நிலநடுக்கச் செய்தியில் வரும் எண்ணைப் படிப்பது எப்படி

நிலநடுக்கம் வந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு வரி ஓடத் தொடங்கிவிடும்: "ரிக்டர் அளவுகோலில் 6.8 ஆகப் பதிவானது." கூடவே பேச்சும் தொடங்கிவிடும். "போன மாதம் வேறொரு நாட்டில் 7.2 வந்தும் ஒன்றும் ஆகவில்லை, இங்கே 6.1-க்கே நகரம் தரைமட்டம் ஆகிவிட்டதே, கணக்கு எங்கோ இடிக்கிறது" என்பார் ஒருவர். "முதலில் 7.9 என்றார்கள், இப்போது 9 என்கிறார்கள், எதையோ மறைக்கிறார்கள்" என்பார் இன்னொருவர். "சின்னச் சின்னதாக அடிக்கடி வந்தால் நல்லதுதான், உள்ளே இருக்கும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும்" என்று மூன்றாமவர் ஆறுதல் சொல்வார்.

கேட்கும்போது மூன்றும் நியாயமாகத்தான் படுகின்றன. மூன்றுமே தவறு. அந்த ஒற்றை எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை யாரும் நமக்கு நிதானமாகச் சொல்லித் தராததால் வந்த வினை இது. பள்ளியில் "நிலநடுக்கத்தை அளக்கும் கருவி ரிக்டர் அளவுகோல்" என்று ஒரு வரியை மனப்பாடம் செய்ததோடு நின்றுவிட்டோம். அந்த ஒரு வரியே தவறு என்பதிலிருந்து நம் கதை தொடங்குகிறது. ரிக்டர் அளவுகோல் என்று ஒரு கருவி உலகத்தில் எங்குமே இல்லை.

## பல்பும் வெளிச்சமும்

இருட்டிய பிறகு ஓர் அறையில் பல்பு எரிகிறது. அதன் தலையில் 60 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. நேர் கீழே உட்கார்ந்திருப்பவர் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுவார். மூலையில் பீரோவின் நிழலில் நிற்பவருக்குக் கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதே பெரும்பாடு. அடுத்த அறையில் படுத்திருப்பவருக்குக் கதவிடுக்கில் ஒரு கோடு மட்டும் தெரியும். மூவருக்கும் பல்பு ஒன்றுதான், 60 வாட்டும் ஒன்றுதான். ஆனால் "உங்களுக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது?" என்று கேட்டால் மூன்று பதில் வரும்.

நிலநடுக்கத்திலும் இதே இரண்டு கேள்விகள்தான்.

நிலத்துக்குள் நடந்த நிகழ்ச்சி எவ்வளவு பெரியது? இது பல்பின் வாட். இதை "அளவு" என்போம். ஆங்கில வழக்கில் மேக்னிடியூட். ஒரு நிலநடுக்கத்துக்கு அளவு ஒன்றே ஒன்று.

நான் நிற்கும் இடத்தில் தரை எவ்வளவு பலமாக ஆடியது? இது என் கைக்குக் கிடைத்த வெளிச்சம். இதைத் "தீவிரம்" என்போம், இன்டென்சிட்டி என்பார்கள். ஒரே நிலநடுக்கத்தின் தீவிரம் ஊருக்கு ஊர் மாறும். சில சமயம் தெருவுக்குத் தெருவே மாறும்.

செய்தியில் வரும் 6.8 அளவைச் சொல்கிறது. கேட்பவர் மனத்திலோ "அங்கே எவ்வளவு ஆடியிருக்கும்?" என்ற தவிப்புதான் இருக்கிறது. ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்குப் பொருத்திக்கொள்கிறோம். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## நிலத்துக்குள் என்னதான் நடக்கிறது?

கனமான மரப்பெட்டி ஒன்றில் ரப்பர் கயிற்றைக் கட்டி மெதுவாக, ஒரே சீராக இழுத்துப் பாருங்கள். பெட்டி அசையாது. கயிறு மட்டும் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பெட்டிக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு தாங்காமல், பெட்டி சரக்கென்று ஒரு முழம் முன்னால் வந்து நிற்கும். கயிறு தளரும். தொடர்ந்து இழுத்தால் மறுபடியும் அதே கதைதான். உங்கள் கை நகர்ந்தது ஒரே வேகத்தில். பெட்டி நகர்ந்ததோ திடீர் திடீரென்று.

பூமியின் மேல் ஓடு பல பெரிய துண்டுகளாக இருக்கிறது. அந்தத் துண்டுகளுக்குப் புவித்தட்டுகள் என்று பெயர். அவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நம் விரல் நகம் வளரும் வேகத்தில், நகர்ந்துகொண்டே இருக்கின்றன. தட்டுகள் சந்திக்கும் எல்லைகளிலும் சில நேரம் தட்டின் நடுப்பகுதியிலும் பாறைக்குள் முறிவுகள் உண்டு. அப்படி ஒரு முறிவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரக்கூடியதாக இருந்தால் அது "பிளவு". சாதாரண நாளில் பிளவின் இரு பக்கமும் உராய்வால் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. தட்டு நகர்வது மட்டும் நிற்பதில்லை. அதனால் பிளவை ஒட்டிய பாறை அந்த ரப்பர் கயிறு போல இழுபட்டு, வளைந்து, ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது.

பாறை வளையுமா என்று தோன்றும். கையில் எடுத்த கல் வளையாதுதான். பல கிலோமீட்டர் அகலமுள்ள பாறைப் பரப்பு சில மீட்டர் வளைந்து கொடுக்கும். பூட்டு விடும் நொடியில் இரு பக்கமும் எதிரெதிரே வழுக்கிப் பாய்கின்றன. சேர்த்துவைத்த ஆற்றலில் ஒரு பங்கு அதிர்வலைகளாக நாலா பக்கமும் ஓடுகிறது. அந்த அலை நம் காலடிக்கு வந்து சேர்வதைத்தான் நாம் நிலநடுக்கமாக உணர்கிறோம்.

இந்த விளக்கம் கற்பனையில் பிறந்ததில்லை. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் முடிந்ததும் நிலவியலாளர்கள் பிளவின் வழியே நடந்து நடந்து பார்த்தார்கள். பண்ணை நிலங்களில் நேர்கோடாகப் போட்டிருந்த மர வேலிகள் பிளவைக் கடக்கும் இடத்தில் அறுபட்டு, ஒரு பாதி அப்படியே பக்கவாட்டில் தள்ளி நின்றன. ஓரிடத்தில் அந்த விலகல் சுமார் 2.6 மீட்டர். வேலி போட்டவர் கோணலாகப் போடவில்லை. வேலியின் கீழே இருந்த நிலமே நகர்ந்துவிட்டது. இந்த அளவீடுகளை வைத்துத்தான் ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1910-இல் "வளைந்த பாறை மீண்டு நிமிர்வதே நிலநடுக்கம்" என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு நூற்றாண்டு தாண்டியும் அடிப்படையில் அதுதான் நிற்கிறது.

இங்கே இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். வழுக்கல் தொடங்கும் இடம், நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது, "குவியம்". அதற்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளி "மேல்மையம்". வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவது மேல்மையத்தைத்தான். அந்த வட்டம் நம்மை ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். ஏதோ ஒரு புள்ளியில் வெடி வைத்தது போன்ற பிரமையை அது தருகிறது. உண்மையில் வழுக்கல் ஒரு புள்ளியில் தொடங்கி, துணி கிழிவது போலப் பிளவின் வழியே ஓடுகிறது. நொடிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் வேகத்தில். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய கிழிசல் வடக்கே அந்தமான் பக்கம்வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்க எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆனது. அதை ஒரு புள்ளியாக எப்படி நினைப்பது?

இதுவரை: தட்டுகள் மெதுவாக நகர்கின்றன, பிளவு பூட்டிக்கொள்கிறது, பாறை வளைந்து ஆற்றல் சேர்க்கிறது, ஒரு நாள் வழுக்கிவிடுகிறது. எவ்வளவு நீளத்துக்கு, எவ்வளவு ஆழத்துக்கு, எத்தனை மீட்டர் வழுக்கியது என்பதில்தான் ஒரு நிலநடுக்கத்தின் அளவு அடங்கியிருக்கிறது.

## ரிக்டர் உண்மையில் செய்தது

1930-களில் தென் கலிஃபோர்னியாவில் அதிர்வுகளைப் பதியும் கருவிகள் பல இடங்களில் இயங்கிக்கொண்டிருந்தன. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சிறிய நிலநடுக்கங்கள் பதிவாயின. இவற்றில் எது பெரியது, எது சிறியது என்று வரிசைப்படுத்த ஒரு பொது வழி இல்லை. பக்கத்தில் வந்த சிறியது பெரிதாகப் பதியும். தொலைவில் வந்த பெரியது சிறிதாகப் பதியும்.

அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர் சார்லஸ் ரிக்டர் 1935-இல் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் எடுத்துக்கொண்டது வுட்–ஆண்டர்சன் என்ற குறிப்பிட்ட வகைக் கருவியின் பதிவு. மெல்லிய கம்பியில் தொங்கும் சிறு எடை ஒன்று, அதில் ஒரு கண்ணாடித் துண்டு. நிலம் ஆடும்போது கண்ணாடி திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கற்றை, உருளையில் சுற்றிய புகைப்படக் காகிதத்தில் வளைந்து வளைந்து கோடு போடும். நிலத்தின் அசைவை ஈராயிரம் மடங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டும் கருவி அது. நிலநடுக்கத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இந்தக் கருவி இருந்து, காகிதத்தில் கோடு 1 மில்லிமீட்டர் விலகினால் அந்த நிலநடுக்கத்தின் அளவு 3 என்று ரிக்டர் வைத்துக்கொண்டார். கருவி வேறு தொலைவில் இருந்தால் அதற்கேற்பத் திருத்திக்கொள்ள ஓர் அட்டவணையும் செய்தார்.

ஆக, அங்கே இருந்த கருவி வுட்–ஆண்டர்சனுடையது. ரிக்டர் தந்தது அந்தக் கோட்டை எண்ணாக மாற்றும் கணக்குமுறை. விண்மீன்களின் ஒளியை ஒப்பிட வானியலாளர்கள் பயன்படுத்திய மேக்னிடியூட் என்ற சொல்லையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். இதில் ரிக்டரின் சக ஆய்வாளர் பேனோ குட்டன்பெர்க்கின் பங்கு பெரியது. அவர் பெயர் பொதுப் பேச்சில் மறைந்தே போனது.

## ஒரு படி ஏறினால் என்ன ஆகும்?

அதே கருவி, அதே 100 கிலோமீட்டர். அளவு 3 என்றால் கோடு 1 மில்லிமீட்டர் விலகும். அளவு 4 என்றால் 10 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம். 5 என்றால் 10 சென்டிமீட்டர், உள்ளங்கை அளவு. 6 என்றால் 1 மீட்டர், காகிதமே போதாது. 7 என்றால் 10 மீட்டர், மூன்று மாடி உயரம்! இப்படி ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்காகப் பெருகும் அளவுகோலை "மடக்கை அளவுகோல்" என்பார்கள். மில்லிமீட்டரின் பின்னங்களிலிருந்து மாடி உயரம்வரை உள்ள வேறுபாட்டை ஒற்றை இலக்கத்துக்குள் அடக்க வேறு வழியில்லை.

பத்து மடங்கு என்பது கோட்டின் வீச்சுக்கு மட்டும். வெளியாகும் ஆற்றல் இன்னும் வேகமாகப் பெருகுகிறது: ஒரு படிக்குச் சுமார் 32 மடங்கு, இரண்டு படிக்கு 1,000 மடங்கு. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தை நாம் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் 6.8-க்கும் 7.0-க்கும் இடையில் ஆற்றல் இரு மடங்காகிறது.

"5-க்கும் 7-க்கும் இரண்டுதானே வித்தியாசம்" என்ற பேச்சு இனி காதில் விழுந்தால், அந்த இரண்டுக்குள் ஆயிரம் இருப்பது உங்கள் நினைவுக்கு வரட்டும்.

## அளவுகோல் திணறிய இடம்

ரிக்டரின் முறை ஓரளவு சிறிய, பக்கத்தில் நடக்கும் நிலநடுக்கங்களுக்கு நன்றாக வேலை செய்தது. பெரியவை வந்தபோது திணறியது. ஏன் என்பதற்கு இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுச் சன்னலுக்குக் கீழே ஓர் ஊர்வலம் போகிறது. தாளச் சத்தம் காதைப் பிளக்கிறது. சத்தத்தின் உச்சத்தை மட்டும் குறித்துவைத்தால், நூறு மீட்டர் நீள ஊர்வலத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் நீள ஊர்வலத்துக்கும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். எந்த நொடியிலும் சன்னலுக்கு நேராக இருக்கும் கூட்டம் ஒரே மாதிரிதானே. நீண்ட ஊர்வலம் அதிக சத்தமாகக் கேட்பதில்லை, அதிக நேரம் கேட்கிறது.

மிகப் பெரிய நிலநடுக்கங்களும் அப்படித்தான். பிளவு இன்னும் நீளமாகக் கிழியக் கிழிய, பதிவுக் கோட்டின் உச்சம் வளர்வது நின்றுவிடுகிறது. ரிக்டரின் முதல் முறையில் இந்தத் தேக்கம் 7-ஐ ஒட்டியே தொடங்கிவிடுகிறது. பிறகு வந்த, வேறு வகை அலைகளை வைத்து அளந்த முறைகளும் 8-ஐத் தாண்டித் தடுமாறின. அதனால் 1906 சான் பிரான்சிஸ்கோவுக்கும் 1960 சிலி நிலநடுக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண், 8.3-ஐ ஒட்டி, கிடைத்துக்கொண்டிருந்தது. சிலியில் கிழிந்தது ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு. இரண்டும் ஒன்று என்பதை எந்த நிலவியலாளர் ஏற்பார்?

தீர்வு, கோட்டை விட்டுவிட்டுப் பிளவுக்கே திரும்புவதில் இருந்தது. வழுக்கிய பரப்பு எவ்வளவு, சராசரியாக எத்தனை மீட்டர் வழுக்கியது, அந்தப் பாறை எவ்வளவு விறைப்பானது: இந்த மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது "நிலநடுக்கத் திருப்புத்திறன்". ஜப்பானியரான கெய்தி அகி 1966-இல் இதை முதன்முதலில் ஒரு நிலநடுக்கத்துக்குக் கணக்கிட்டார். ஹிரோ கனமோரி 1977-இல் இதிலிருந்து புதிய அளவு ஒன்றை உருவாக்கினார். 1979-இல் தாமஸ் ஹாங்ஸும் அவரும் சேர்ந்து அதைச் செம்மைப்படுத்தினார்கள். சிறிய நிலநடுக்கங்களில் ரிக்டரின் எண்ணோடு ஒத்துப்போகும்படியே புதிய அளவை அமைத்தார்கள். அதனால் பழைய எண்களுக்குப் பழகிய மக்கள் தடுமாறவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு பிளவு, சராசரியாக ஒன்றே முக்கால் மீட்டர் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலோட்டுப் பாறையின் வழக்கமான விறைப்போடு பெருக்கினால் வருவது அளவு 7. தலைப்பில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: 7 என்பது ஒரு சிறிய மாவட்டத்தின் அகலத்துக்கு நிலம் ஆளுயரம் வழுக்குவது.

புதிய முறையில் சான் பிரான்சிஸ்கோ 7.9-க்கு இறங்கியது, சிலி 9.5-க்கு ஏறியது. கருவிகள் வந்த பிறகு பதிவானவற்றில் மிகப் பெரியது அதுவே. 10 வருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதற்குச் சிலியைவிடப் பல மடங்கு நீளமான ஒரே தொடர்ச்சியான பிளவு கிழிய வேண்டும். அப்படி ஒன்று பூமியில் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்று பெரிய நிலநடுக்கங்களுக்கு ஆய்வு நிலையங்கள் வெளியிடுவது இந்தத் திருப்புத்திறன் அளவைத்தான். எனவே "ரிக்டர் அளவுகோலில் 8.8" என்று எழுதுவது தவறு. "அளவு 8.8" என்றாலே போதும், சரியாகவும் இருக்கும்.

## முதலில் 7.9, பிறகு 9.0

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்கு ஜப்பான் வானிலை முகமை முதலில் சொன்ன அளவு 7.9. அன்றைக்கே அது 8.4, 8.8 என்று ஏறியது. இரண்டு நாள் கழித்து 9.0 ஆனது. 2004-இலும் இதே கதைதான்: பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிவிப்பில் அளவு 8.0, ஒரு மணி நேரம் கழித்து 8.5, பல மணி நேரத்துக்குப் பிறகே 9-ஐ எட்டியது.

இதில் மறைப்பு எதுவும் இல்லை. ஊர்வலத்தின் முதல் நூறு மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு நீளத்தைச் சொல்லச் சொன்னால் யாராக இருந்தாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். பெரிய நிலநடுக்கத்தின் முழு உருவம் மெதுவான, நீண்ட அலைகளில்தான் ஒளிந்திருக்கிறது. அவை உலகெங்கும் உள்ள கருவிகளுக்கு வந்து சேர நேரம் ஆகும். ஆனால் சுனாமி எச்சரிக்கைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அவசரத்துக்கு ஒரு மதிப்பீடு, அப்புறம் திருத்தம் என்பதுதான் நடைமுறை. அந்த முதல் எண்ணின் குறைவு 2004-இலும் 2011-இலும் உயிர்களோடு தொடர்புடைய விஷயமாக இருந்தது. அதன் பிறகு பெரிய நிலநடுக்கங்களை விரைவாகக் கணிக்கும் முறைகளில் ஆய்வாளர்கள் கடுமையாக உழைத்து வருகிறார்கள்.

## தீவிரம்: உங்கள் காலடியின் எண்

இனி பல்பை விட்டு வெளிச்சத்துக்கு வருவோம். தீவிரத்தை அளக்க உலகில் பல இடங்களில் பயன்படுவது மெர்கலி அளவுகோலின் திருத்திய வடிவம். இத்தாலியரான ஜுசெப்பே மெர்கலியின் பெயரில் வழங்குகிறது. 1 முதல் 12 வரை படிகள், ரோமன் எண்களில் எழுதுவார்கள். புள்ளி வைத்த பின்னம் கிடையாது. அளவையும் தீவிரத்தையும் பிரித்தறிய இது ஒரு சுலபமான அடையாளம். படிகளின் விளக்கம் மனிதர்களின் அனுபவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 3 என்றால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு லாரி கடந்து போனது போல ஒரு நடுக்கம். 5 என்றால் தூங்குபவர்கள் விழித்துக்கொள்வார்கள், பாத்திரம் விழுந்து உடையும். 6 என்றால் கனமான பீரோ இடம் மாறும். 12 என்றால் முழு நாசம்.

ஜப்பானில் தனியாக ஒரு தீவிர அளவுகோல் உண்டு. அங்கே நிலநடுக்கம் வந்தால் தொலைக்காட்சித் திரையில் ஊர் ஊராகத் தீவிர எண்தான் முதலில் வரும். 2011-இல் அந்த அளவுகோலின் உச்சமான 7 பதிவானது மியாகி மாகாணத்தின் குரிஹாராவில். டோக்கியோவில் "மேல் 5", அதாவது 5-ஆம் படியின் மேல் பாதி. நிலநடுக்கம் ஒன்று, அளவு 9.0 ஒன்று, இரண்டு ஊருக்கும் வேறு வேறு தீவிரம். செய்தி சொல்ல இதைவிட நல்ல முறை இல்லை என்று நான் நம்புகிறேன்.

தீவிரம் ஏன் இப்படி மாறுகிறது? தொலைவு என்பது எல்லோருக்கும் தோன்றும் பதில். ஆழத்தை மறந்துவிடுகிறோம். 2013 மே 24 அன்று ரஷ்யாவின் கிழக்கே ஓகோட்ஸ்க் கடலுக்கு அடியில் வந்த நிலநடுக்கத்தின் அளவு 8.3. அதன் குவியம் சுமார் 600 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. மாஸ்கோ வரைக்கும் லேசாக உணர்ந்தார்கள். பெரிய சேதம் எங்கும் இல்லை. மாடியிலிருந்து கேட்கும் வெடிச்சத்தத்துக்கும் காதருகே வெடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

காதருகே வெடித்ததற்கு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரமே சாட்சி. 2010 செப்டம்பர் 4 விடியற்காலையில், நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, 7.1 அளவில் ஒரு நிலநடுக்கம். கட்டடங்கள் பழுதடைந்தன, இடிபாட்டில் சிக்கி யாரும் சாகவில்லை. நகரம் தப்பித்தோம் என்று மூச்சு விட்டது. 2011 பிப்ரவரி 22, பகல் 12.51. இம்முறை அளவு 6.2 மட்டுமே, முந்தையதன் ஆற்றலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நகரத்தின் விளிம்பிலேயே, வெறும் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், கடைத்தெருவும் அலுவலகங்களும் நிறைந்திருந்த நேரத்தில் வந்தது. 185 பேர் இறந்தார்கள். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "6.2-தானே" என்று சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டு தேதிகளைத்தான் சொல்வேன்.

அடுத்தது நிலத்தின் தன்மை. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கடலோரத்தில் 8.0 அளவு நிலநடுக்கம். தலைநகர் மெக்சிகோ சிட்டி அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கடலோர ஊர்களைவிடக் கொடுமையான அழிவு இந்தத் தலைநகரில்தான் நேர்ந்தது. நகரத்தின் பெரும்பகுதி, வற்றிப்போன ஏரியின் மென்மையான களிமண் படுகை மேல் கட்டப்பட்டது. கடினப் பாறையில் வலுவிழந்து வந்த அலைகள் இந்தக் களிமண்ணுக்குள் நுழைந்ததும் பல மடங்கு பெருகின. களிமண்படுகைக்கு இயல்பாகவே ஓர் ஆடும் காலம் உண்டு, ஓர் ஆட்டத்துக்குச் சுமார் இரண்டு நொடி. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் விரல் பலத்திலேயே உயர எழும் அல்லவா? அதே போல, அந்தத் தாளத்துக்கு ஒத்து ஆடக்கூடிய ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இன்னும் இன்னும் அதிகமாக ஆடி விழுந்தன. அவற்றுக்கிடையே நின்ற தாழ்வான பழைய கட்டடங்கள் பல தப்பித்தன. ஏரி போய்விட்டது, அதன் களிமண் போகவில்லை.

கட்டடத்தின் பங்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, இரண்டு எண்களே பேசும். 2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதம் சிலியில் 8.8, ஆற்றலில் 500 மடங்கு: இறந்தவர்கள் சுமார் 500 பேர். ஹைட்டியில் அது தலைநகரத்தின் பக்கத்திலேயே வந்தது என்பதும் உண்மை. சிலியில் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதிகள் பல பத்தாண்டுகளாகக் கறாராக நடைமுறையில் இருந்தன என்பதும் உண்மை.

சுருக்கமாக: அளவு தெரிந்ததும் தீவிரம் தெரிந்துவிடாது. ஆழம், தொலைவு, மண் மூன்றும் சேர்ந்துதான் தீவிரத்தைத் தீர்மானிக்கின்றன. அழிவைத் தீர்மானிப்பதில் கட்டடமும் சேர்ந்துகொள்கிறது.

## சின்ன அதிர்வுகள் பெரியதைத் தணிக்குமா?

முன்னே பார்த்த 32 மடங்குக் கணக்கு இங்கே கை கொடுக்கும். அளவு 8 நிலநடுக்கம் ஒன்றின் ஆற்றல் சிறுகச் சிறுக வெளியேற வேண்டும் என்றால் 7 அளவில் 32 வர வேண்டும். அல்லது 6 அளவில் ஆயிரம். அல்லது 5 அளவில் 32 ஆயிரம். இயற்கையில் அப்படி வருவதில்லை. ஒரு படி இறங்கினால் எண்ணிக்கை சுமார் பத்து மடங்குதான் கூடுகிறது. குட்டன்பெர்க்கும் ரிக்டரும் கண்ட விதி இது. உலகக் கணக்கிலும் பெரும்பாலான வட்டாரங்களிலும் பொருந்துகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 8-ஐத் தாண்டுவது ஏறக்குறைய ஒன்று, 7-ஐத் தாண்டுவது பதினைந்தை ஒட்டி, 6-களில் நூற்றுக்கும் மேல்.

ஆக, பாறையில் சேர்ந்த ஆற்றலின் பெரும்பங்கு அபூர்வமாக வரும் பெரிய நிலநடுக்கங்களில்தான் கழிகிறது. சிறியவை எத்தனை வந்தாலும் குளத்தைக் கரண்டியால் இறைப்பது போலத்தான். சொல்லப்போனால், சில நேரம் சிறியதே பெரியதற்கு முன்னோடியாகவும் இருந்திருக்கிறது. 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் அதே கடல் பகுதியில் 7.3 வந்தது; 9.0 வந்தது இரண்டு நாள் கழித்து. ஆனால் பெரும்பாலான சிறிய அதிர்வுகளுக்குப் பின்னால் எதுவும் வருவதில்லை. எது முன்னோடி என்பது பெரியது வந்த பிறகே தெரியும். நாள் குறித்து, இடம் குறித்து, அளவு குறித்து ஒரு நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் முறை இன்றுவரை யாரிடமும் இல்லை. அப்படிச் சொல்லும் செய்தி கைப்பேசிக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

## இனி செய்தியைப் படிக்கும்போது

"அளவு 6.8" என்று வரி ஓடினால், அடுத்து ஆழத்தைத் தேடுங்கள். 10 கிலோமீட்டரா, 300 கிலோமீட்டரா என்பதில் கதையே மாறும். பிறகு மேல்மையத்திலிருந்து மக்கள் வாழும் இடம் எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். முதல் சில மணி நேரம் எண் மாறும், மாறட்டும். தீவிர வரைபடம் கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட அது நிறையச் சொல்லும்: எந்த ஊரில் 4, எந்த ஊரில் 8 என்று நிறம் தீட்டிக் காட்டும்.

அந்த வரைபடத்தில் கருவிகளின் பங்கு பாதிதான். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1999 முதல் "நீங்கள் உணர்ந்தீர்களா?" என்ற பெயரில் பொதுமக்களிடம் கேள்விகள் கேட்டு வருகிறது, இன்று எந்த நாட்டிலிருந்தும் யாரும் பதில் அனுப்பலாம். நிலநடுக்கத்தின்போது எங்கே இருந்தீர்கள், எத்தனையாவது மாடியில்? தூங்கிக்கொண்டிருந்தீர்களா, விழித்துக்கொண்டீர்களா? தொங்கும் பொருள் ஆடியதா? அலமாரியில் இருந்தது விழுந்ததா? சுவரில் விரிசல் உண்டா? இப்படி ஆயிரக்கணக்கானோர் எழுதும் பதில்களிலிருந்து ஊர்வாரியாகத் தீவிரம் கணிக்கப்படுகிறது. கருவியே இல்லாத இடங்களில் அது ஒன்றுதான் சான்று. "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்ற பதிலையும் கேட்டு வாங்குகிறார்கள். ஆட்டம் எங்கே ஓய்ந்தது என்ற எல்லைக்கோட்டை அந்தப் பதில்கள்தான் வரைகின்றன.